திருப்பத்தில் தெரியும் நீளம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சாலைக் குறிகளின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. நில், வழிவிடு, ஒலி எழுப்பாதே என்று தினமும் பார்த்துப் பழகிய குறிகளுக்கு நடுவே யாரும் அதிகம் கவனிக்காத ஒரு வட்டம் உண்டு. சிவப்பு வளையம், உள்ளே பக்கவாட்டில் நிற்கும் ஒரு லாரி, கூடவே ஓர் எண். இந்த எண்ணைவிட நீளமான வண்டி இதற்கு மேல் வரக்கூடாது என்று பொருள். காவிரிப் படுகையில் ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிளிலும் பேருந்திலும் போய்வந்துகொண்டிருக்கிற என் கண்ணில் அந்தப் பலகை ஒருமுறைகூடப் பட்டதில்லை. எடை வரம்புப் பலகையைப் பார்த்திருக்கிறேன், பழைய பாலங்களின் தலைமாட்டில் துருப்பிடித்துச் சாய்ந்திருக்கும். ரயில்வே கீழ்ப்பாலங்களில் உயர வரம்பை மஞ்சளும் கறுப்புமாக எழுதி வைத்திருப்பார்கள். நீளத்துக்கு மட்டும் எழுத்தே இல்லை. எடை மிஞ்சினால் பாலம் சொல்லிவிடுகிறது, உயரம் மிஞ்சினால் தலை இடிக்கிறது. நீளம் மிஞ்சியது நேர்ச்சாலையில் ஓட்டுநருக்கே மறந்துபோகிறது. ஒரு திருப்பம் வரும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது, அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. வீட்டையே வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் மேல்நாடுகளிலிருந்து மெல்ல நம் பக்கம் வருகிறது. கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ என்று பெயர் வைத்துத் தொடங்கியது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்றில், வாடகைத் தொழிலுக்கு அல்லாத வாகனங்களின் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் அப்போதே ஏறிவிட்டன. பெயர் ஏறி இருபது ஆண்டு ஆனாலும் நாகை வீதியில் அப்படியொரு வண்டி வந்தால் இன்றும் பிள்ளைகள் பின்னால் ஓடும். ஆனால் வேளாங்கண்ணியும் நாகூரும் சிக்கலும் கோடியக்கரையும் ஒரே கரையில் இருக்கிற ஊர் இது. ஊர் சுற்றுவது என்று ஒன்று தமிழ்நாட்டில் பெருகினால் இங்கே பெருகாமல் இருக்காது. அந்த வண்டிகள் வந்து சேர்வதற்குள் நம் சாலைகளின் பழைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

சட்டத்தின் கணக்கு எளிமையானது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93ஆம் விதி வண்டியின் உடல் அளவைச் சொல்கிறது. ஒரே சட்டகத்தில் அமைந்த இரண்டு அச்சு லாரிக்கு 12 மீட்டர். இழுக்கும் வண்டியும் இழுபடும் டிரெய்லரும் சேர்ந்து 18 மீட்டர் என்றிருந்தது, 2020 ஜூனில் வந்த திருத்தம் அதை 18.75 ஆக்கியது. அதே திருத்தத்தில், குறிப்பிட்ட சில தடங்களுக்கு மட்டும், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வண்டித்தொடருக்கு 25.25 மீட்டர் வரை அனுமதி கிடைத்தது. இந்த முக்கால், கால் மீட்டர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கதை சுவையாக இருக்கிறது. 18.75 ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் தன் உறுப்பு நாடுகளுக்கு வகுத்த அளவு. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடனும் பின்லாந்தும் ஒன்றியத்தில் சேர்ந்திருந்தன. பனிக்காட்டு நெடுஞ்சாலைகளில் நீண்ட மரவண்டிகளை ஓட்டிப் பழகிய அந்த இரண்டு நாடுகளும் தங்கள் நீளத்தை விட்டுக்கொடுக்க மறுத்தபோது நடந்த சமரசத்தின் எண்தான் 25.25. வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் பிறந்த எண், கீவளூர்க் கடைத்தெருவுக்கும் பொருந்துமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் சாதாரணக் கார் இழுக்கும் கேரவன் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு மாறும், எல்லை தாண்டும்போதெல்லாம் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு இமயமலைக்கும் நாகைக்கும் ஒரே விதி.

கடல் கடந்து அளவுகள் வந்து இறங்குவது நாகைக்குப் புதிதும் இல்லை. ஸ்ரீவிஜய அரசன் ராஜராஜன் காலத்தில் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பினான். 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள், 1690இல் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாகவே ஆக்கிக்கொண்டார்கள், 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். பின்னர் 1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. தென்னாட்டின் பழைய ரயில் கம்பெனிகளில் ஒன்று இந்தத் துறைமுகத்தை நம்பித்தான் பிறந்தது. அன்று போட்டது ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை. 1870களில் அதைப் பிரித்து மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள், வருமானத்துக்கு அது போதும் என்று கணக்கு. ரயில் பட்டறை 1928இல் பொன்மலைக்குப் போனது, ஊரின் பாதிக் குடும்பங்கள் பின்னாலேயே போயின என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டர் பாதையைப் பெயர்த்தெடுத்து மறுபடியும் ஐந்தடி ஆறங்குலம் போட்டபோது, அதை முன்னேற்றம் என்று கொண்டாடினோம். பூட்டனார் பார்த்த அகலம்தான் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

சாலைக்கு வருவோம். படுகையின் சாலைகள் ஏன் இப்படி வளைகின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருவாரூரிலிருந்து நாகைக்கு வரும் வழியைப் பாருங்கள். ஒரு வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம், ஒரு மதகில் ஏறித் திரும்பினால் கோயில் குளத்தின் மூன்று கரை, பிறகு கடைத்தெரு, பிறகு மறுபடியும் ஆற்றுக்கரை. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் எல்லையைச் சொல்லும்போது இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்றுதான் சொல்வார்கள். வதி என்பது வழி. வாய்க்காலும் வழியும் ஒன்றாகவே பிறந்து, நெல் வயலின் ஓரத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நடந்தவை. வேலியை மாவும் காணியுமாகப் பகுத்து, அதற்குக் கீழும் பின்னங்களுக்குள் பின்னமாக அளந்த நாட்டில் சாலைக்கென்று ஒரு முழம் நிலத்தை யாரும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். மூன்று போகம் கண்ட மண் அது. ஆனைமங்கலத்தைச் சூடாமணி விகாரத்துக்குக் கொடுத்தபோது, லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் ஏடுகள் சொல்வதுபோல, ஒரு பெண் யானையை நடக்கவிட்டு எல்லை கண்டார்கள். பிடி சூழ்தல் என்று அதற்குப் பெயர். ஊரிலேயே பெரிய உடல் எதுவோ அதை நடத்திப் பார்த்து, அது போன வழியை எல்லையாக வைத்துக்கொள்வது ஓர் அழகான அளவை முறை. யானை திரும்புகிற இடத்தில் எல்லை திரும்பும். தாளில் எழுதிய எண் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

எண்ணால் எழுதி வைத்தவர்களும் உண்டு. அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடியைத் தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர்தான் மைசூர் நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஷாம சாஸ்திரி அதை 1909இல் அச்சிட்டார். அதில் அரசர் சாலைக்கு நான்கு தண்டம் அகலம் என்றிருக்கிறது. தண்டம் ஏறக்குறைய ஆறடி, ஆக இருபத்து நான்கடி. இன்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் இருவழிச் சாலைக்குச் சொல்லும் தார் அகலம் 7 மீட்டர், அதாவது இருபத்து மூன்றடி. இரண்டாயிரம் ஆண்டில் ஓரடி குறைந்திருக்கிறது! இதைவிட என்னை யோசிக்க வைப்பது ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டம். நேர்வழிக்கு எட்டடி அகலம் போதும், வழி திரும்புகிற இடத்தில் பதினாறடி வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அச்சுக்கும் அச்சுக்கும் தூரம் கூடக்கூட வெட்டும் கூடும். மாட்டு வண்டி ஓட்டிய எவனுக்கும் தெரிந்த உண்மையைச் சட்டத்தில் ஏற்றியவர்கள் அவர்கள். நம் 93ஆம் விதி வண்டியின் நீளத்தைச் சொல்கிறது, திருப்பத்தின் அகலம் வேறொரு துறையின் வேறொரு ஏட்டில் கிடக்கிறது. இரண்டு ஏடுகளும் சந்தித்துக்கொள்வது எங்காவது ஒரு குளக்கரை முனையில், நடுவில் ஒரு லாரி மாட்டிக்கொண்டிருக்கும்போது.

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது மேல்நாட்டு வழக்கம் என்று மேலே எழுதினேன். அது முழு உண்மை இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடியவர், பெரும்பாணாற்றுப்படையும் அவருடையதே. அதில் உமணர்களின் உப்பு வண்டி வருகிறது. கூரை போட்ட வண்டி, வாயிலில் கோழி அடையும் கூடு, கயிற்றில் பிணித்துத் தொங்கும் காடிப் பானை, கைக்குழந்தையோடு எருதை ஓட்டும் பெண். உப்பு விற்கிற ஊருக்கெல்லாம் குடித்தனமே நகர்ந்து போனது. அச்சு முறிந்தால் மாற்ற வேறொரு அச்சைக் கீழே கட்டிக்கொண்டு போனார்கள் என்பது புறநானூற்றில் இருக்கிறது, சேமஅச்சு என்று அதற்குப் பெயர். இன்று ஸ்டெப்னி என்கிறோம். கயிற்றால் இணைந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அந்த வண்டி வரிசையை ஒழுகை என்றார்கள். 25.25 மீட்டர் வண்டித்தொடருக்கு நல்ல தமிழ்ச் சொல் தேடி அலைகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் காப்புரிமை கேட்கப் போவதில்லை. வேதாரண்யத்து உப்பு இன்றும் லாரியில் ஏறி இதே கரை வழியே வடக்கே போகிறது. தார்ப்பாய்க்கு மேல் ஓட்டுநர் காயப்போட்ட லுங்கி பறக்கும், கேபினுக்குள் ஸ்டவ் இருக்கும். உமணர் மறையவில்லை, கோழிக்கூட்டை மட்டும் இறக்கி வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கூண்டு வண்டியை நான் கடைசியாகப் பார்த்தபோது அது மாட்டுக் கொட்டகையின் மூலையில், நுகத்தடி தரையில் ஊன்றி, மூங்கில் கூண்டில் கோழி அடையக் கிடந்தது. தாத்தா காலத்தில் அதில்தான் நாகூர்க் கந்தூரிக்குப் போனார்கள். அடியில் வைக்கோல், மேலே ஜமுக்காளம், பின்தட்டியில் தூக்குவாளியில் புளிச்சோறு, அச்சுக்குக் கீழே ஆடும் அரிக்கேன் விளக்கு. விளக்கு அணைந்திருந்தால் அபராதம், வண்டி வரி கட்டிய தகடு ஏர்க்காலில் அடித்திருக்க வேண்டும். ஆக, அந்த வண்டிக்கும் சட்டம் இருந்தது. ஆனால் நீளத்துக்கு யாரும் விதி எழுதவில்லை. இரண்டு மாடு இழுக்கிற வண்டி எவ்வளவுதான் நீண்டுவிடும்? மாடே வரம்பு. வழியில் இறங்கித் தங்க மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் இருந்தன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் என்று ராமேஸ்வரம் போகும் வழி நெடுக, வண்டி அவிழ்க்க இடமும் மாட்டுக்குத் தண்ணீரும் ஆளுக்குச் சோறும் கிடைத்தன. கேரவன் பார்க் என்று இன்று திட்ட அறிக்கையில் எழுதுகிறார்களே, அதற்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது, மின்சாரப் பிளக் ஒன்றைத் தவிர. சத்திரங்களில் பல இடிந்து நிற்கின்றன, சிலவற்றில் புதர். புதிதாகக் கட்டுவதற்கு முன் பழையதைக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கலாம் என்று தோன்றும், ஆனால் அது வேறு கட்டுரை.

கூண்டு வண்டியின் இடத்தில் இன்று டூர் பஸ். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் நாட்களில் பார்க்க வேண்டும். 12 மீட்டர்ப் பேருந்து, மேலே கேரியரில் அடுப்பும் அண்டாவும் விறகும், ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு, பின்சீட்டில் படுத்துத் தூங்கும் சமையல்காரர். போன வருடம் அப்படியொரு பேருந்தும், நெல் அறுவடை இயந்திரத்தை ஏற்றிய டிரெய்லர் ஒன்றும் ஒரு கோயில் குளத்து முனையில் எதிரெதிரே வந்து நின்றதைப் பக்கத்து டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அறுவடை இயந்திரத்தின் முன்பக்க வெட்டும் கருவி டிரெய்லருக்கு வெளியே இரண்டு பக்கமும் இறக்கை விரித்திருந்தது. கிளீனர் பையன் குதித்து இறங்கினான். பின்னால் ஓடிப்போய் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினான். “வரலாம், வரலாம், வரலாம்… ஹோல்டான்! ரைட்ல ஒடிண்ணே, நல்லா ஒடி… போலாம்!” பேருந்தின் பின்பகுதி குளத்துச் சுவருக்கு வெளியே வாலைப்போல் வீசியது, பின் சக்கரம் உள்பக்கம் வெட்டி மதகின் கைப்பிடிச் சுவரை உரசியது. அந்தச் சுவரில் ஏற்கெனவே ஐந்தாறு வண்ணங்களில் பழைய உரசல்கள் இருந்தன, ஒவ்வொரு கோடும் ஒரு வண்டியின் கையெழுத்து. டீக்கடைக்காரர் பால் ஆற்றுவதை நிறுத்தாமலே, “இன்னும் ஒரு அடி ரிவர்ஸ் வரச்சொல்லு தம்பி” என்றார். அவருக்கு அந்தத் திருப்பத்தின் அளவு தெரியும். 93ஆம் விதி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இருபது நிமிடத்தில் இரண்டு வண்டிகளும் பிரிந்தன. பேருந்தில் இருந்த பாட்டிமார்கள் ஜெபமாலையை மறுபடி உருட்டத் தொடங்கினார்கள்.

இந்த மண்ணில் சாலைக்காக வண்டியை அளந்தது பிற்கால வழக்கம். அதற்கு முன் வண்டிக்காகச் சாலையை அளந்தார்கள். திருவாரூரின் நான்கு தேர் வீதிகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஊரின் மற்றத் தெருக்கள் குறுகி வளைந்து கிடக்க, அந்த நான்கு மட்டும் அகன்று நேராக இருப்பது ஆழித்தேருக்காக. அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. 1926இல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி செய்யப்பட்டு, 1948க்குப் பிறகு நிலையிலேயே இருபது ஆண்டுக்கு மேல் நின்று, 1970இல் மீண்டும் வீதிக்கு வந்தது. இன்று திருச்சி பெல் நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன, பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. இருந்தும் வீதி முனையில் தேரைத் திருப்புவது அன்று எப்படியோ இன்றும் அப்படித்தான். மணிக்கணக்கில் ஆகும். சக்கரத்துக்கு முன்னால் குந்தியபடியே நகர்கிறவர்கள் கையில் முட்டுக்கட்டை இருக்கும். எந்தச் சக்கரத்தின் எந்தப் பக்கம், எந்தக் கணத்தில் அதைச் செருகினால் தேர் எவ்வளவு திரும்பும் என்பது அவர்களின் தோள் அறிந்த கணக்கு. முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று பேச்சுவழக்கில் ஆக்கிவிட்டோம். தேருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் கட்டைதான் ஸ்டியரிங், அதுதான் பிரேக். பிரிட்டனில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் நீராவி வண்டிக்கு முன்னால் செங்கொடி பிடித்த ஓர் ஆள் நடக்க வேண்டும் என்றது, முப்பது ஆண்டுக்குப் பின் அதைக் கேலி செய்து நீக்கினார்கள். தேருக்கு முன்னால் கொடியசைத்து நடப்பவரை நாம் இன்னும் நீக்கவில்லை. தேர்க்காலில் மாட்டிய கன்றுக்காக மகனையே தண்டித்த சோழனின் கதை வழங்குவதும் அதே ஊரில்தான். சாலை விபத்து வழக்கு ஒன்றை இவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் ஊர் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் நாகை வீதிகளில் கப்பல் வடிவ ரதங்கள் வருவதும் இந்த வகைதான். ஊரே கூடி, அன்று ஒரு நாள் மட்டும், பெரிய உடல் ஒன்றுக்கு வழிவிடுகிறது. மின்கம்பியை இறக்குகிறார்கள், கடைக்காரர்கள் பந்தலைப் பிரிக்கிறார்கள், எதிரே வரும் வண்டியை வேறு தெருவில் திருப்பிவிடுகிறார்கள். அளவு மீறிய வண்டிக்கு விதிவிலக்கு உண்டு, அந்த விதிவிலக்குக்கு நாளும் நேரமும் ஆளும் உண்டு. இந்த ஏற்பாட்டில் ஓர் இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தஞ்சாவூரை அடுத்த களிமேடு கண்டது. 2022 ஏப்ரல் 27 விடியுமுன், அப்பர் சதய விழாவின் சிறிய தேர் ஒன்று ஒரு திருப்பத்தில் பின்வாங்கித் திரும்ப வேண்டிவந்தது. தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. பதினொரு பேர் போனார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. புதிதாகச் சாலை போட்டதில் தரை உயர்ந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். தேர் பழைய அளவிலேயே இருந்தது, சாலை மாறியிருந்தது, கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க அன்று அங்கே ஒருவரும் இல்லை.

நீளத்தின் கணக்கு திருவிழாவோடும் உல்லாசத்தோடும் முடிவதில்லை. 2004 டிசம்பர் 26 காலை கடல் எழுந்து வந்தபோது இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடலில் நிற்க வேண்டிய விசைப்படகுகள் கரைமேல் வீடுகளுக்கு நடுவிலும் சாலையிலும் கிடந்தன. எந்த விதியும் அளந்திராத வண்டிகள் அவை. அடுத்த நாட்களில் நாடெங்கிலுமிருந்து நிவாரண லாரிகள் வந்தன. பெரிய மனத்தோடு வந்த பெரிய லாரிகள் சிறிய சாலைகளில் வரிசையாக நின்றன, பல மீனவக் குப்பங்களுக்குக் கடைசி ஒரு மைல் சோறு போனது சைக்கிளிலும் தலைச்சுமையிலும். அன்று அந்தச் சாலைகளில் நின்றவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

கேரவன் வரட்டும். பேரப்பிள்ளைகளோடு கோடியக்கரையில் பூநாரை பார்த்துவிட்டு, வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்க ஆசைப்படுகிறவரை உமணரின் வழிவந்த நாடு தடுக்கக்கூடாது. அதற்காக 18.75 மீட்டர் என்ற ஒரே எண்ணை எல்லாச் சாலைக்கும் தலைவிதியாக எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் சரியில்லை. சட்டம் அப்படி ஒதுங்கச் சொல்லவும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதியோ ஒரு சாலை அல்லது பாலத்தின் தன்மையைக் கருதியோ குறிப்பிட்ட வாகனங்களை அங்கே தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அடுத்த பிரிவு அதற்கான குறிப்பலகையை நடச் சொல்கிறது. சரக்கை வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனால் இருபதாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அபராதம் வாங்குகிற கை, பலகை நடவும் நீள வேண்டும். நான்குவழிச் சாலைகள் வரும்போது வரட்டும், அவை ஊருக்கு வெளியே போகும். ஊருக்குள் நுழையும் வழியும் கோயிலுக்குப் போகும் வழியும் கடற்கரைக்கு இறங்கும் வழியும் வதியும் வாய்க்காலுமாகவே இருக்கும்.

நெடுஞ்சாலைத் துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஊராட்சிகளும் சேர்ந்து ஒரு மாதம் செலவிட்டால் போதும். பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். அளவுநாடாவோடு ஒரு பொறியாளர், டூர் பஸ் ஓட்டும் ஓர் அனுபவசாலி, திருப்பத்து முனையில் கடை வைத்திருக்கும் ஒருவர், இந்த மூன்று பேர் போதும். எந்த மதகில் எத்தனை மீட்டர் வண்டி திரும்பும் என்று எழுதிக்கொண்டு, அந்தச் சாலை பிரிகிற முனையிலேயே, மாட்டிக்கொண்ட பிறகு பார்க்கிற இடத்தில் அல்லாமல், அந்தச் சிவப்பு வட்டத்தை நட்டுவையுங்கள். அட்டவணையில் அந்தப் படம் 1989 முதல் காத்துக்கொண்டிருக்கிறது.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் பங்குனியில் ஆழித்தேர் பார்க்கப் போனால், தேர் கீழவீதி முனையில் திரும்பும்போது எல்லோரையும்போல உச்சியில் ஆடும் சீலைகளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கொஞ்சம் குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு குந்தியிருப்பவரின் கையைப் பாருங்கள்.